தங்கத் துகளும் டோபமைனும்: உலோக நானோ உணரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வுத் திட்டம் தொடங்கும் முதுகலை மாணவர்கள், மருந்தாளுநர்கள், வீட்டில் பார்க்கின்சன் நோயாளியை வைத்துப் பராமரிப்பவர்கள் ஆகியோர் உலோக நானோ உணரிகள் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உடலில் உள்ள மருந்துகளையும், டோபமைன் போன்ற நரம்புணர்வு கடத்திகளையும் (நரம்புச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் பொருள்கள்) அளப்பவை இவை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்துறைக் கட்டுரைகளில் பெரும்பாலானவை எவ்வளவு குறைந்த செறிவைக் கண்டுபிடித்தோம் என்பதில்தான் போட்டி போடுகின்றன. நோயாளிக்கு வேண்டியது வேறு. இரத்தத்தில் எத்தனையோ பொருள்கள் கலந்திருக்கும்போது இந்த ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டுமா, காலையில் காட்டியதையே மாலையிலும் காட்டுமா என்பதுதான் அவருக்கு முக்கியம்.

மின்வேதியியல் உணரி எப்படி வேலை செய்கிறது?

கரைசலில் ஒரு மின்முனையை வைத்து, அதன் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துகிறோம். ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் நாம் தேடும் மூலக்கூறு எலக்ட்ரானை மின்முனையிடம் கொடுத்துவிடுகிறது. கொடுத்த எலக்ட்ரான்கள் மின்னோட்டமாகத் தெரிகின்றன. மூலக்கூறுகள் அதிகமாக இருந்தால் மின்னோட்டமும் அதிகம். டோபமைன் என்றால், ஒரு மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான்களையும் இரண்டு புரோட்டான்களையும் இழந்து டோபமைன் குயினோனாக மாறுகிறது. வரைபடத்தில் அது ஒரு முகடாகத் தெரியும். முகட்டின் இடம் யார் என்று சொல்லும், உயரம் எத்தனை பேர் என்று சொல்லும்.

வீட்டில் சர்க்கரை பார்க்கும் சிறு பட்டையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1962-இல் லேலண்ட் கிளார்க் முன்வைத்த நொதி மின்முனையின் வழித்தோன்றல் அது.

எல்லா மருந்துகளையும் நரம்புணர்வு கடத்திகளையும் இப்படி அளக்கலாமா?

முடியாது. தானாக எலக்ட்ரானைக் கொடுக்கவோ வாங்கவோ கூடிய மூலக்கூறாக இருக்க வேண்டும். டோபமைன், செரடோனின், அட்ரினலின், நார்அட்ரினலின் ஆகியவை கொடுக்கும். பாராசிட்டமாலும் கொடுக்கும். குளோராம்பெனிக்கால், மெட்ரோனிடசோல் போன்ற நைட்ரோ தொகுதி உள்ள மருந்துகள் எலக்ட்ரானை வாங்கி ஒடுங்கும்.

குளூட்டமேட், அசிட்டைல்கோலின், காபா ஆகியவை நேரடியாக வினைபுரிவதில்லை. குளூட்டமேட்டை அளக்க மின்முனையின் மேல் குளூட்டமேட் ஆக்சிடேஸ் என்ற நொதியைப் பதிக்கிறார்கள். நொதி குளூட்டமேட்டைத் தின்று ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிடும். அடியில் இருக்கும் பிளாட்டினம் அந்தப் பெராக்சைடை அளக்கும். எனவே "நரம்புணர்வு கடத்தி உணரி" என்று பொதுவாகச் சொன்னால், எந்தக் கடத்தி என்று உடனே கேளுங்கள்.

உலோகத்தை ஏன் நானோ அளவுக்குப் பொடிக்க வேண்டும்?

நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். ஒரு பவுன், அதாவது 8 கிராம் சுத்தத் தங்கத்தை 10 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக ஆக்கினால் அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 250 சதுர மீட்டர். ஒரு கிரவுண்டு மனைக்கும் சற்று அதிகம். வினை நடப்பது பரப்பில்தான் என்பதால், ஒரு சிட்டிகைக்கும் மிகக் குறைந்த தங்கத்தில் பெரிய களம் கிடைக்கிறது. துகளின் விளிம்புகளிலும் மூலைகளிலும் உள்ள அணுக்களுக்குச் சுற்றிலும் துணை குறைவு. அவை தட்டையான உலோகத்தின் அணுக்களைவிட எளிதாக வினையில் இறங்குகின்றன.

பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. பரப்பு பத்து மடங்கானால் மின்னோட்டமும் பத்து மடங்காகும் என்று மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். அப்படி நடக்காது. மூலக்கூறுகள் கரைசலுக்குள்ளிருந்து மின்முனைக்கு விரவி வந்து சேர வேண்டும். ஒரு விநாடியில் அவை வந்து சேரும் தொலைவு சில பத்து மைக்ரோமீட்டர்கள். துகளின் மேடுபள்ளமோ சில நானோமீட்டர். அவ்வளவு தொலைவிலிருந்து வருகிற மூலக்கூறுக்கு நெருக்கமாகப் பரப்பிய துகள்களும் ஒரே தட்டையான தரையாகத்தான் தெரியும். அகலமான வாசல் வைத்தாலும் தெரு குறுகலாக இருந்தால் கூட்டம் ஒரே வேகத்தில்தான் வரும்.

அப்படியானால் நானோ துகளால் கிடைக்கும் உண்மையான பயன் என்ன? எலக்ட்ரான் கைமாறும் வேகம் கூடுகிறது. அதனால் முகடு குறைந்த மின்னழுத்தத்துக்கு நகர்ந்து கூர்மையாகிறது. சில மூலக்கூறுகள் பரப்பில் ஒட்டிக்கொண்டு அங்கேயே செறிவாகின்றன. எது நடக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மின்னழுத்தத்தை மாற்றும் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள். முகட்டின் உயரம் வேகத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடினால் விரவல். வேகத்துக்கு நேராகக் கூடினால் பரப்பில் ஒட்டுதல். துகள் அடுக்கு தடிமனாகவும் நுண்துளைகளோடும் இருந்தால், துளைகளுக்குள் சிக்கிய மெல்லிய கரைசலே முகட்டை நகர்த்திவிடும். அதை வினையூக்கம் என்று தவறாகப் படிக்கும் ஆபத்தை ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் காம்ப்டன் குழு பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறது.

எந்த உலோகம் எதற்கு ஏற்றது?

தங்கம் கந்தகத்தோடு உறுதியாகப் பிணையும். கந்தகத் தொகுதி உள்ள மூலக்கூறுகளை அதன்மேல் நட்டுவைத்து, நமக்கு வேண்டிய பரப்பை வடிவமைக்கலாம். டோபமைன், அட்ரினலின் உள்ளிட்ட கேட்டகோலமைன்களுக்குத் தங்கம்தான் முதல் தேர்வு. ஹைட்ரஜன் பெராக்சைடுக்குப் பிளாட்டினம். நைட்ரோ மருந்துகளை ஒடுக்க வெள்ளி நன்றாக உதவுகிறது. ஆனால் குளோரைடு உள்ள கரைசலில் கொஞ்சம் நேர்மின்னழுத்தம் போனாலே அது வெள்ளி குளோரைடாக மாறத் தொடங்கும். உடல் திரவம் முழுக்கக் குளோரைடு என்பதை மறக்க வேண்டாம்.

தாமிரம், நிக்கல் ஆகியவற்றின் ஆக்சைடுகள் மலிவானவை. இவற்றைக் கொண்டு நொதியில்லாத குளுக்கோஸ் உணரி என்று ஏராளமான கட்டுரைகள் வருகின்றன. அவற்றில் மிகப் பல கடும் காரமான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில்தான் வேலை செய்கின்றன. இரத்தத்தின் பி.எச். 7.4. அந்த இடைவெளியை எப்படிக் கடப்பீர்கள் என்று கட்டுரை சொல்லாவிட்டால் எனக்கு அதில் ஆர்வம் குறைந்துவிடும்.

இத்துறை தொடங்கியதும் ஒரு உலோகத்தில்தான். 1922-இல் பிராகில் யரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி சொட்டும் பாதரசத் துளியை மின்முனையாக்கினார். 1959-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. நச்சு காரணமாகப் பாதரசம் இன்று ஆய்வகங்களிலிருந்து விடைபெற்று வருகிறது.

தங்க நானோ துகளைக் கல்லூரி ஆய்வகத்திலேயே தயாரிக்கலாமா?

தயாரிக்கலாம். 1951-இல் துர்க்கெவிச் குழு விவரித்த சிட்ரேட் முறை இன்றும் முதல் வழி. நீர்த்த குளோரோஆரிக் அமிலத்தைக் கொதிக்க வைத்து, சோடியம் சிட்ரேட் கரைசலைச் சேர்த்தால் வெளிர்மஞ்சள் நிறம் மறைந்து, கருநீலமாகி, பிறகு ஒயின் சிவப்பாகத் தெளியும். சிட்ரேட்டின் விகிதத்தை மாற்றித் துகளின் அளவை மாற்றலாம் என்று 1973-இல் ஃபிரென்ஸ் காட்டினார். பாத்திரத்தில் பழைய தங்கத்தின் எச்சம் இருந்தால் எல்லாம் கெட்டுவிடும். அதனால்தான் முன்கூட்டியே இராஜ திராவகத்தால் கழுவுகிறோம். அதை மேற்பார்வையோடு, புகை வெளியேற்றும் கூண்டுக்குள் மட்டுமே செய்யுங்கள். சிவப்புக் கரைசல் ஊதாவாக மாறினால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன என்று பொருள்.

மைக்கேல் ஃபாரடே 1857-இல் ஆராய்ந்த மாணிக்கச் சிவப்புத் தங்கக் கரைசல் இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்றும் இருக்கிறது.

டோபமைன் என்றாலே ஏன் வைட்டமின் சி பற்றிப் பேசுகிறீர்கள்?

இந்தத் துறையின் வரலாற்றையே இந்த ஒரு கேள்வியில் சொல்லிவிடலாம்.

1973-இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஆடம்ஸும் உடன் பணியாற்றியவர்களும் கார்பன் பசை மின்முனையை எலியின் மூளைக்குள் வைத்து மின்னோட்டத்தைப் பதிவு செய்தார்கள். உயிருள்ள மூளையின் வேதியியலை நேரடியாகக் கேட்கும் துணிச்சலான முயற்சி அது. ஆனால் கிடைத்த முகட்டில் பெரும்பங்கு டோபமைனுடையதாக இருக்கவில்லை. அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, மூளைத் திரவத்தில் நூற்றுக்கணக்கான மைக்ரோமோலார் அளவில் இருக்கிறது. டோபமைனோ இயல்பு நிலையில் நானோமோலார் (ஒரு மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில்தான். சாதாரண மின்முனையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் வினைபுரிகின்றன. தேர்த் திருவிழாவில் ஒரு குழந்தையின் குரலைத் தேடுவது போன்ற நிலை.

1980-இல் பிரான்சில் ஃபிரான்சுவா கோனோன் குழு, மின்சாரத்தால் பதப்படுத்திய கார்பன் இழையைப் பயன்படுத்தி அஸ்கார்பிக் அமிலத்தின் முகட்டைத் தனியாகப் பிரித்தது. பெரிய முன்னேற்றம். ஆனால் பிரிந்து தெரிந்த மற்றொரு முகட்டிலும் பெரும்பங்கு டோபமைனின் சிதைவுப் பொருளான டோபாக்கினுடையது என்று பின்னர் தெரியவந்தது. இரண்டு முறை ஏமாற்றம். இரண்டு முறையும் முகடு அழகாகத்தான் இருந்தது. "என் முகடு அழகாக இருக்கிறது" என்று வரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

தீர்வு மின்னேற்றத்தில் இருந்தது. உடலின் பி.எச். அளவில் டோபமைன் நேர்மின்னேற்றம் கொண்டது, அஸ்கார்பிக் அமிலம் எதிர்மின்னேற்றம் கொண்டது. மின்முனையின் மேல் எதிர்மின்னேற்றமுள்ள நாஃபியான் என்ற பாலிமர் படலத்தைப் பூசினால் அது அஸ்கார்பிக் அமிலத்தைத் தள்ளிவிட்டு டோபமைனை உள்ளே விடும். உலோக நானோ துகள்கள் கொடுத்தது இன்னொரு வழி: இருவரையும் உள்ளே விட்டு, இருவருக்கும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் முகடு வரச் செய்வது. 2003-இல் சி. ரத்ன ராஜ், ஒகாஜிமா, ஓசாகா ஆகியோர் தங்க மின்முனையில் கந்தகம் உள்ள சிஸ்டமைன் மூலக்கூறுகளின் அடுக்கை நட்டு, அதன்மேல் தங்க நானோ துகள்களை அடுக்கி, டோபமைனையும் அஸ்கார்பிக் அமிலத்தையும் பிரித்துக் காட்டினார்கள். அதற்குப் பின் வந்த எத்தனையோ பரப்புகளுக்கு அது முன்மாதிரியானது.

மூளைக்குள் இப்போது தங்கத் துகள்களைத்தான் வைக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. மூளை ஆய்வகங்களில் இன்றும் ஆட்சி செய்வது சுமார் 7 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள வெறும் கார்பன் இழைதான். மின்னழுத்தத்தை −0.4 வோல்ட்டிலிருந்து 1.3 வோல்ட் வரை விநாடிக்கு 400 வோல்ட் வேகத்தில் ஏற்றி இறக்குவார்கள். ஒரு சுற்று முடிய 8.5 மில்லிவிநாடி, விநாடிக்குப் பத்து முறை. ஒரு நொடிக்குள் டோபமைன் பீறிட்டு அடங்குவதை இதில் பார்க்க முடியும். உலோகத் துகள் பூசிய இழைகளும் ஆராயப்படுகின்றன. எளிமையிலும் நம்பகத்திலும் வெறும் இழையை அவை இன்னும் வெல்லவில்லை என்பது என் மதிப்பீடு.

இரத்தத்தில் டோபமைன் அளந்தால் பார்க்கின்சன் நோயைக் கண்டுபிடிக்கலாமா?

குடும்பத்தினர் நம்பிக்கையோடு கேட்கும் கேள்வி இது, தெளிவாகவே சொல்கிறேன். முடியாது. டோபமைன் இரத்த-மூளைத் தடுப்பைக் கடப்பதில்லை. இரத்தத்தில் இருக்கும் டோபமைன் மூளையின் கதையைச் சொல்லாது. அதன் அளவும் நானோமோலாருக்குக் கீழே. "பார்க்கின்சன் நோயைக் கண்டறிய உதவும் டோபமைன் உணரி" என்று ஒரு கட்டுரையின் முன்னுரை சொன்னால், அந்த வாக்கியத்தை அப்படியே ஏற்க வேண்டாம்.

அளப்பதால் உண்மையில் பயன் தரக்கூடியது லெவோடோபா. டோபமைனால் தடுப்பைக் கடக்க முடியாததால்தான் அதன் முன்னோடியான லெவோடோபாவை மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். அது உடலில் சீக்கிரம் குறைந்துவிடும். அளவு இறங்கும்போது கைகால் இறுகும், ஏறும்போது கட்டுப்பாடற்ற அசைவு வரும். தொடர்ந்து அளக்கும் கருவி ஒன்று இருந்தால் மருத்துவர் வேளையையும் அளவையும் நோயாளிக்கு ஏற்பத் திருத்தலாம். 2019-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தங்கத்தைக் கிளை கிளையாக வளர்த்து, அதன்மேல் டைரோசினேஸ் நொதியைப் பதித்து, வியர்வையில் லெவோடோபாவை அளக்கும் பட்டை ஒன்றைச் செய்தார்கள். சோதனைக்கு வந்தவர்களுக்கு ஃபாவா பீன்ஸைச் சாப்பிடக் கொடுத்தார்கள். அந்தப் பயறில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது. நம் பூனைக்காலி விதையிலும் அது கணிசமாக உண்டு. அதனால்தான், லெவோடோபா மாத்திரை எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் பூனைக்காலிச் சூரணம் சாப்பிடக் கூடாது.

பாராசிட்டமாலை நானோமோலார் அளவில் கண்டுபிடிப்பது பெரிய சாதனைதானே?

வேதியியலாகச் சிறப்புதான். ஆனால் அளவைப் பாருங்கள். அளவுக்கு மீறி விழுங்கியவருக்கு, நான்கு மணி நேரம் கழித்து இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராம் இருந்தால் மாற்று மருந்து தேவை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு வரம்பு. அது ஏறத்தாழ ஒரு மில்லிமோலார். நானோமோலாரைப் போலப் பத்து லட்சம் மடங்கு. அவசரப் பிரிவுக்கு வேண்டியது ஒரு சொட்டு இரத்தத்தில், சில நிமிடங்களில், 100-க்கும் 150-க்கும் 200-க்கும் உள்ள வேறுபாட்டைத் தவறாமல் சொல்லும் பட்டை. (அளவு மீறி விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் மிக நன்றாக வேலை செய்யும்.)

மிகக் குறைந்த செறிவு உண்மையிலேயே தேவைப்படும் இடமும் உண்டு. குளோராம்பெனிக்கால் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை உணவு விலங்குகளுக்குக் கொடுக்கத் தடை இருக்கிறது. இறாலில் அதன் எச்சத்தைக் கண்டுபிடிக்க, ஆய்வு முறைகள் கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம் வரை எட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் வரையறுத்தது. மோலார் கணக்கில் அது சுமார் ஒரு நானோமோலார். 2022 முதல் அந்த வரம்பு 0.15 மைக்ரோகிராமாக இன்னும் இறங்கியிருக்கிறது. நம் கடலோர இறால் பண்ணைகளுக்கு இந்த எண் வாழ்வாதாரக் கேள்வி. இங்கே வெள்ளித் துகள் உணரியின் உணர்திறனுக்கு அர்த்தம் இருக்கிறது. சோதனைக்கு முன் நைட்ரஜன் வாயுவைக் குமிழிவிட்டுக் கரைந்த ஆக்சிஜனை வெளியேற்ற மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஆக்சிஜனின் ஒடுக்கமும் சேர்ந்து தெரியும்.

பாராசிட்டமால் சாப்பிட்டால் உடலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை உணரி தவறாகக் காட்டுமா?

சில வகைக் கருவிகளில் காட்டும். பிளாட்டினத்தின் மேல் பெராக்சைடை அளக்கும் அதே மின்னழுத்தத்தில் பாராசிட்டமாலும் எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது; கருவி அதையும் சர்க்கரைக் கணக்கில் சேர்த்து அதிகமாகக் காட்டுகிறது. புதிய கருவிகள் சிலவற்றில் தடுப்புப் படலம் வைத்து இதைக் குறைத்திருக்கிறார்கள். உங்கள் கருவியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாங்கல் (பி.எச். மாறாத) கரைசலில் அருமையாக வந்த முகடு சீரத்தில் (இரத்தத் தெளிநீரில்) காணாமல் போய்விட்டது. என்ன செய்வது?

எனக்கும் அது நேர்ந்திருக்கிறது. மாதக் கணக்கில் மெருகேற்றிய ஒரு மின்முனை, சீரத்தில் நனைத்த சில நிமிடங்களில் பாதி உயிரை இழந்தது. புரதங்கள் வந்து பரப்பில் படிந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, அளக்கப்படும் மூலக்கூறே எதிரியாகலாம்: செரடோனின் ஆக்ஸிஜனேற்றம் அடையும்போது, அதாவது எலக்ட்ரானைக் கொடுக்கும்போது, உண்டாகும் பொருள்கள் ஒன்றோடொன்று பிணைந்து மின்முனையில் தோல் போல ஒட்டிக்கொள்ளும். டோபமைனும் மெலனின் போன்ற படலத்தை விடும்.

சீரத்தை நூறு மடங்கு நீர்த்துவிட்டு "உண்மை மாதிரியில் சோதித்தோம்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. நீர்த்தால் குறுக்கிடும் பொருள்களும் நூறு மடங்கு குறையும். அந்த எண்ணிக்கை நீர்க்காத இரத்தத்தைப் பற்றி எதையும் உறுதி செய்யாது. நீர்த்தீர்கள் என்றால் நீர்த்தோம் என்று தலைப்புக்கு அருகிலேயே எழுதுங்கள். நாஃபியான் படலம், புரதம் ஒட்டாத பாலிமர் அடுக்கு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் அச்சு மின்முனை ஆகியவற்றை முயன்று பாருங்கள். ஒரே மின்முனையில் இருபது முறை தொடர்ந்து அளந்து, இருபது எண்களையும் வெளியிடுங்கள்.

எந்தக் கலவையைப் பூசினாலும் மின்னோட்டம் கூடுகிறதே?

கூடும். அதனால்தான் ஒப்பீடு தேவை. 2020-இல் மார்ட்டின் புமெராவும் உடன் ஆய்வாளர்களும் கிராபீன் என்ற மிக மெல்லிய கார்பன் தாளோடு பறவை எச்சத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். வெறும் கிராபீனைவிட அதன் வினையூக்கம் மேம்பட்டது. புதிது புதிதாகக் கலப்பதே ஆராய்ச்சி ஆகிவிட்ட போக்கைக் கண்டிக்கவே அதைச் செய்தார்கள். அதற்கும் முன்பே, 2006-இல், கார்பன் நானோ குழாய்களின் புகழுக்குச் சில இடங்களில் காரணம் அவற்றில் ஒட்டியிருந்த உலோக மாசு என்று காம்ப்டன் குழு காட்டியிருந்தது. நான்கு பொருள்களைக் கலந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனியே நீக்கியும் அளக்க வேண்டும். வேலை நான்கு மடங்குதான். வேறு வழியில்லை.

உடலுக்குள் மருந்தின் அளவைத் தொடர்ந்து கவனிக்கும் உணரி வந்துவிட்டதா?

விலங்குகளில் வந்திருக்கிறது, எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் பாதை இதுதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் கெவின் பிளாக்ஸ்கோ குழு, தங்க மின்முனையில் ஒரு டி.என்.ஏ. இழையை நட்டு, அதன் நுனியில் மெத்திலீன் நீலத்தைக் கட்டியது. மருந்து வந்து பிடித்ததும் இழை மடங்கும், சாயம் தங்கத்துக்கு அருகே வரும், மின்னோட்டம் மாறும். மருந்து எலக்ட்ரானைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. 2017-இல் விழித்திருந்து நடமாடும் எலிகளின் இரத்தக் குழாயில் வைத்து, டாக்சோரூபிசின், டோப்ராமைசின் போன்ற மருந்துகளை மணிக்கணக்கில் அளந்து காட்டினார்கள். நீர்க்காத, ஓடிக்கொண்டிருக்கும் இரத்தத்தில்.

தமிழ்நாட்டில் இதைப் படிக்க எங்கே போகலாம்?

காரைக்குடிக்கு. அங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948 ஜூலை 25 அன்று ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953-இல் அது திறக்கப்பட்டது. ஆர்.எம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் அது அந்த ஊருக்கு வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் காந்திகிராம கிராமிய நிறுவனத்திலும் தங்கத் துகள் மின்முனைகளில் நல்ல வேலை நடந்திருக்கிறது.

எங்கள் கல்லூரியில் வசதி குறைவு. எங்கிருந்து தொடங்கலாம்?

மூன்று மின்முனைகளும், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் ஒரு பொட்டென்ஷியோஸ்டாட்டும் போதும். மின்முனைகள் இவை: கண்ணாடிக் கார்பன், வெள்ளி/வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனை, பிளாட்டினக் கம்பி. முதல் வாரம் நானோ துகள் பக்கமே போக வேண்டாம். அலுமினா பொடியால் 1, 0.3, 0.05 மைக்ரோமீட்டர் என்று படிப்படியாகக் கண்ணாடிக் கார்பனைத் தேய்த்துப் பழகுங்கள். பிறகு பொட்டாசியம் ஃபெரிசயனைடில் சுழற்சி வோல்டாமெட்ரி எடுங்கள், அதாவது மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைப் பதிவு செய்யுங்கள். இரண்டு முகடுகளின் இடைவெளி 60 முதல் 80 மில்லிவோல்ட்டுக்குள் வந்து, மறுநாளும் அதே இடத்தில் நின்றால், தங்கக் கரைசலைத் திறக்கலாம்.